ஒரு கையால் எழுதியது

மகளுக்கு 15 வயது. கொஞ்ச நாளாக நோட்டு முழுக்கக் கைகள்தான் வரைகிறாள். மடக்கிய விரல், பேனா பிடித்த விரல், நகம் கடித்த என் கட்டைவிரல்கூட இருக்கிறது.

முன்பெல்லாம் எதைக் காட்டினாலும் "சூப்பர்" என்று சொல்லிவிட்டு போனைப் பார்ப்பேன். அவளும் காட்டுவதை நிறுத்திவிட்டாள். தப்பு என்னுடையதுதான்.

நேற்று, "இந்த நிழலை எப்படிம்மா கொண்டுவந்தே?" என்று கேட்டேன். அவ்வளவுதான், அரைமணி நேரம் வகுப்பு! கோட்டுக்கு எச்பி பென்சில், கருமைக்கு 6பி. வாட்டர்கலர் பூசினால் சாதாரணத் தாள் நெளிந்துவிடுமாம், 300 ஜிஎஸ்எம் என்கிற தடித்த தாள் வேண்டுமாம். சரி என்றேன்.

"இதை வச்சு என்ன வேலைக்குப் போவே?" என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

இப்போது என் இடது கை அசையக் கூடாதாம். அதனால் எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.