ரத்தக்குழாய் கறுத்த படத்தில் மிஞ்சும் புள்ளி

பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எம்.ஆர்.ஐ. படங்கள் வரும்போது, நான் முதலில் திறப்பது, திசுவில் நீர் அலைவதைப் படமாக்கும் டிஃப்யூஷன் வரிசையில் பி மதிப்பு 50இல் எடுத்த தொகுப்பையே. பலரும் வேகமாகக் கடந்துவிடும் தொகுப்பு அது.

திசுக்களில் உள்ள நீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைந்துகொண்டிருப்பவை. காந்தப்புலச் சரிவை அடுத்தடுத்து இருமுறை செலுத்தினால், இடைப்பட்ட கணத்தில் இடம்பெயர்ந்த நீரின் சமிக்ஞை மங்கிவிடும். செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் கட்டிக்குள் அலைய வழியில்லாத நீரோ பிரகாசமாகவே நிற்கும். அந்தச் செலுத்தலின் கடுமையைச் சொல்லும் எண்தான் பி மதிப்பு. 50 என்பது சிறிய எண் என்றாலும், ஓடும் ரத்தத்தின் சமிக்ஞையை அழிக்க அதுவே போதும். நீரை வெளுப்பாகக் காட்டும் வழக்கமான டி2 படத்தில் சிறு ரத்தக்குழாயின் குறுக்குவெட்டும் அதை ஒட்டிய சில மில்லிமீட்டர் கட்டியும் ஒரே மாதிரி வெண்புள்ளிகளாகத் தெரியக்கூடும். இங்கே குழாய் கறுத்துப்போகக் கட்டி மட்டும் மிஞ்சுகிறது.

ஆனால் புள்ளியைக் கண்டுபிடிப்பது வேறு, அது இன்னதென்று சொல்வது வேறு. நீர்க்கட்டியும், ரத்தக்குழாய்கள் திரண்ட தீங்கற்ற கட்டியான ஹீமாஞ்சியோமாவும்கூட இந்தப் படத்தில் வெளுத்தே தெரியும் என்பதால், பி 800 படத்தையும், நீர் எவ்வளவு எளிதாக அலைகிறது என்பதை எண்ணாக்கிக் காட்டும் ஏடிசி வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பரவிய கட்டி முன்னதில் வெளுத்தும் பின்னதில் கறுத்தும் இருப்பது வழக்கம். சீழ்க்கட்டியும் அப்படியே கறுக்கும். சளி நிறைந்த வகைப் புற்றோ கறுக்காமலே ஏமாற்றும். ஏடிசி எண்ணில் ஓர் எல்லைக்கோடு வகுத்து முடிவுசொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவே காரணம்.

கடாக்ஸெடிக் அமிலம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி ஏறத்தாழ 20 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில், அந்த மருந்தை உறிஞ்சும் கல்லீரல் செல்கள் இல்லாத கட்டி கருமையாகத் தெரியும். ரத்தக்குழாயும் அதில் கருமைதான். குழாயும் கட்டியும் அங்கே குழம்பும் இடத்தை டிஃப்யூஷன் பிரித்துக்காட்டுவதால், இரண்டையும் சேர்த்தே படிக்கிறேன்.

1980களில் இந்த முறையை உருவாக்கிய பிரெஞ்சு மருத்துவர் டெனி லெ பியானுக்கு முதலில் தோன்றிய கேள்வியே கல்லீரல் கட்டிகளைப் பற்றியதுதான். மூச்சசைவு அந்த முயற்சியைக் கெடுத்ததால் அவர் மூளைக்குத் திரும்பினார். அதிவேகப் படப்பிடிப்பு வந்த பிறகே கல்லீரல் வசப்பட்டது.

அசைவின் தொல்லை இன்றும் முழுதாகத் தீரவில்லை. இதயத்துக்கு நேர்கீழே இருக்கும் இடது மடலில் ஒவ்வொரு துடிப்பும் சமிக்ஞையைத் தின்றுவிடுவதால், அங்கே ஒன்றும் தெரியவில்லை என்பதை அங்கே ஒன்றும் இல்லை என்று நான் எழுதுவதில்லை. அந்தப் பகுதியை மற்ற வரிசைகளில் மறுபடி பார்த்துவிட்டு, டிஃப்யூஷன் படம் அங்கே நம்பத்தக்கதாக இல்லை என்பதையும் அறிக்கையில் குறித்துவிடுகிறேன்.