நூலின் மெலிந்த இடமும் நிகழ்தகவு வகுப்பும்

கோயம்புத்தூரை அடுத்த ஒரு கல்லூரியில் முதுகலைக் கணித மாணவர்களுக்கு நிகழ்தகவுக் கோட்பாடு நடத்திவருகிறேன். என் ஆராய்ச்சியும் அதே துறையில்தான். எதைப் பற்றி என்று யாரேனும் கேட்டால், நூல் எங்கே அறும் என்பதைப் பற்றி என்று சொல்லிவிடுவேன். தறிகள் நிறைந்த சோமனூர், பல்லடம் பக்கத்து உறவினர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. சக கணிதப் பேராசிரியர்களுக்குத்தான் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

நம் பாடத்திட்டங்களில் நிகழ்தகவு என்பது பெரும்பாலும் சராசரிகளின் கோட்பாடாகவே அமைந்திருக்கிறது. 1933இல் ரஷ்யக் கணிதவியலர் கோல்மோகொரோவ் வகுத்த அடிகோள்களில் (அடிப்படை விதிகளில்) தொடங்கி, சோதனைகள் பெருகப் பெருகச் சராசரி நிலைபெறும் என்னும் பேரெண் விதி வழியாக ஏறி, மைய எல்லைத் தேற்றத்தில் போய் நின்றுவிடுகிறோம். பல சிறு தற்செயல்களைக் கூட்டினால் கூட்டுத்தொகை மணி வடிவ இயல்நிலைப் பரவலை நெருங்கும் என்பது அழகான தேற்றம். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் தறியில் ஓடும் பாவு நூல் தன் சராசரி வலிமையைப் பார்த்து அறுவதில்லை, தன் மிக மெலிந்த இடத்தில்தான் அறுகிறது. ஒரு மீட்டர் நூல் குறிப்பிட்ட இழுவிசையில் அறுவதற்கான நிகழ்தகவு ஆயிரத்தில் ஒன்று என்று கொள்வோம். மீட்டர்கள் ஒன்றையொன்று சாராதவை என்றால், 1000 மீட்டர் நூல் அதே இழுவிசையை அறாமல் தாங்கும் நிகழ்தகவு 0.999இன் ஆயிரமாவது அடுக்கு, அதாவது ஏறத்தாழ 0.37. தனி மீட்டரில் புறக்கணிக்கத்தக்கதாகத் தோன்றிய ஆபத்து, ஒரு கிலோமீட்டரில் பாதிக்கும் மேற்பட்ட நிகழ்தகவாக வளர்ந்துவிடுகிறது.

நூலுக்கு இந்தக் கணக்கை முறையாக எழுதியவர், மான்செஸ்டரில் பிரிட்டிஷ் பருத்தித் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தில் பணியாற்றிய பியர்ஸ். சங்கிலியின் வலிமை அதன் மிக நலிந்த கண்ணியின் வலிமையே என்ற கருத்தை 1926இல் பருத்தி நூலுக்குப் பொருத்தி, சோதிக்கும் துண்டின் நீளம் கூடக்கூடச் சராசரி வலிமை எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு சூத்திரமும் தந்தார். அதே நிறுவனத்தில் இருந்த டிப்பெட், ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்த ஃபிஷருடன் சேர்ந்து 1928இல் வெளியிட்ட கட்டுரைதான், ஒரு மாதிரியின் மிகப்பெரிய அல்லது மிகச்சிறிய மதிப்பு, தக்கபடி அளவு மாற்றியபின் எல்லையில் மூன்று வகைப் பரவல்களில் ஒன்றையே அடைய முடியும் என்று காட்டியது. 1943இல் க்னெடென்கோ அதற்கு முழுமையான நிறுவலைத் தந்தார். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று மேடைதோறும் சலிக்காமல் சொல்கிறோம்; அந்த மான்செஸ்டரின் பஞ்சாலைகளுக்காகப் பிறந்த இந்தக் கணிதம் மட்டும் நம் பாடத்திட்டங்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. ஸ்வீடன் பொறியாளர் வெய்புல் 1951இல், அந்த மூன்று வகைகளில் ஒன்றான, தம் பெயரால் இன்று வழங்கும் பரவலை எடுத்துக்காட்டுகளுடன் முன்வைத்தபோது, அவற்றுள் ஒன்று இந்தியப் பருத்தி இழையின் வலிமை என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காருகிறது.

ஆகவே என் வகுப்பில் வரிசையை மாற்றிக்கொண்டேன். மைய எல்லைத் தேற்றத்திற்கு முன்னரே, மேலே சொன்ன சிறும (மிகச்சிறிய) மதிப்பின் எல்லைத் தேற்றம் வந்துவிடும். கணித வகையிலும் அதுவே எளிது: கூட்டலுக்குச் சிறப்பியல்புச் சார்புகள் என்னும் கனமான கருவி தேவை, சிறுமத்திற்கு நிகழ்தகவுகளைப் பெருக்கினால் போதும். ஒரு கோன் நூலை வாங்கி, வெவ்வேறு நீளங்களில் துண்டுகளாக வெட்டி, இயற்பியல் ஆய்வகத்து ஸ்பிரிங் தராசில் மாட்டி அறும்வரை இழுக்கச் சொல்கிறேன். நீளத் துண்டுகள் சராசரியாக முன்னதாகவே அறுவதை மாணவர்கள் தாங்களே குறித்துக்கொள்கிறார்கள். "ஏனுங் சார், எங்கம்மா இதைத் தராசு இல்லாமலே சொல்லுமுங்க" என்றாள் ஒரு மாணவி. அவள் தாயார் மில்லில் ரிங் ஃபிரேம் என்னும் நூற்பு இயந்திரத்தில் அறுந்த நூலைப் பிணைக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவர். தாயார் சொல்வதற்கும் தேற்றம் சொல்வதற்கும் இடையில் எஞ்சியிருப்பது, எவ்வளவு என்ற கேள்வி மட்டுமே. அதைத்தான் அந்தப் பருவம் முழுவதும் பேசினோம்.

மில் ஆய்வகத்தில் இன்னொரு சோதனையும் உண்டு. ஒன்றரை கெஜம் சுற்றளவுள்ள சக்கரத்தில் நூலை 80 சுற்றுச் சுற்றி, 120 கெஜம் கொண்ட அந்தச் சிட்டத்தை அப்படியே இழுத்து அறுப்பார்கள். அதற்கு லீ சோதனை என்று பெயர். இங்கே சுற்றுக்கு இரண்டாக 160 புரிகள் சேர்ந்து சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு புரி அறுந்தால் அதன் சுமை மற்றவற்றின்மேல் ஏறும். ஆகவே மொத்த வலிமை, தனித்தனி வலிமைகளின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாகவே இருக்கும். டேனியல்ஸ் 1945இல் இந்தக் கட்டின் கணிதத்தை எழுதினார். ஒரு புரிக்கு ஏற்றப்படும் சுமையை, அந்தச் சுமையை ஒரு புரி தாங்கும் நிகழ்தகவால் பெருக்கி, அப்பெருக்கம் உச்சமடையும் மதிப்பைக் கண்டால், புரிகளின் எண்ணிக்கை பெருகும்போது ஒரு புரிக்கான கட்டின் வலிமை அந்த உச்சத்தையே நெருங்கும். புரிகளின் வலிமை 0 முதல் 1 வரை சீராகப் பரவியிருந்தால் உச்சம் கால், தனிப் புரியின் சராசரியோ அரை. எனவே கட்டு பாதி வலிமையையே தரும். வலிமை அடுக்குக்குறிப் பரவலில் இருந்தால் 37 சதவீதமே கிடைக்கும். முன்பு வந்த அதே 37தான் இது; ஆனால் முந்தையது ஓர் எல்லையிலிருந்தும், இது ஒரு சார்பின் உச்சத்திலிருந்தும் வருகிறது. கட்டின் வலிமை தன் சராசரியைச் சுற்றி ஏற்ற இறக்கம் கொள்ளும் விதம் மீண்டும் இயல்நிலைப் பரவல்தான். ஒரே அறையில், ஒரே கோன் நூலில், தனி நூல் சோதனை வெய்புலையும் லீ சோதனை இயல்நிலையையும் தருவதைவிட நல்ல பாடம் எனக்கு இதுவரை அமைந்ததில்லை. பல்கலைக்கழகத் தேர்வில் இதிலிருந்து கேள்வி வருவதில்லை என்பது வேறு விஷயம்.

மேலே சொன்ன எல்லாமே, நூலின் துண்டுகள் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானத்தின்மேல் நிற்கின்றன. என் ஆராய்ச்சி அந்த அனுமானம் உடையும் இடத்தில் தொடங்குகிறது. முழுக்க முழுக்கத் தற்செயலாக இழைகள் அமைந்த நூலின் குறுக்குவெட்டில் சராசரியாக 100 இழைகள் இருந்தால், எண்ணிக்கை, தற்செயல் நிகழ்வுகளை எண்ணும்போது வரும் பாய்சான் பரவலைப் பின்பற்றும், திட்ட விலக்கம் சராசரியின் வர்க்கமூலமான 10 ஆகும். அப்படியானால் தடிமன் பாதியாகக் குறையும் இடம் சராசரியிலிருந்து ஐந்து திட்ட விலக்கம் தள்ளி இருக்க வேண்டும். அது அரிதிலும் அரிதாகவே நேர வேண்டும். ஆனால் நடைமுறையில் நூலின் சீர்மையை அளக்கும் ஊஸ்டர் கருவியில் ஓட்டிப் பார்த்து, அத்தகைய மெலிந்த இடங்களைக் கிலோமீட்டருக்கு இத்தனை என்று எண்ணி அறிக்கை தருகிறார்கள். ரோலர்களுக்கு இடையே இழுத்து மெலிதாக்கும் டிராஃப்டிங்கின்போது இழைகள் கொத்துக் கொத்தாக நகர்வதும், ரோலரின் சிறு கோணலும்தான் இதற்குக் காரணங்கள். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள முன் ரோலர் மையம் தப்பிச் சுழன்றால், ஏறத்தாழ 8 சென்டிமீட்டருக்கு ஒருமுறை அதே குறை நூலில் திரும்பத் திரும்பப் பதியும்.

சார்புள்ள தொடர்களின் உச்ச, சிறும மதிப்புகளுக்கு லெட்பெட்டர் 1983இல் தந்த ஒரு குறியெண் இங்கே உதவுகிறது. மெலிந்த இடங்கள் சராசரியாக எத்தனை எத்தனையாகச் சேர்ந்து வருகின்றனவோ, அதன் தலைகீழ் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். 1000 துண்டுகள் இருந்து குறியெண் அரை என்றால், சிறும மதிப்பைப் பொறுத்தவரை 500 சார்பற்ற துண்டுகள் இருப்பதற்குச் சமம். கொத்தாக நகரும் இழைகளால் வரும் சார்புக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. ரோலரின் சுழற்சிதான் சிக்கல்: 8 சென்டிமீட்டர் அலை எத்தனை கிலோமீட்டர் சென்றாலும் தன் தாளத்தை மறப்பதில்லை, லெட்பெட்டரின் நிபந்தனையோ தொலைவிலுள்ள துண்டுகள் ஒன்றையொன்று ஏறத்தாழ மறந்துவிட வேண்டும் என்கிறது. அலையின் தொடக்க நிலையை முதலில் நிலையாகப் பிடித்துக்கொண்டு, மீதியைச் சீரற்ற தொடராகக் கருதி, பிறகு அந்த நிலையின்மேல் சராசரி எடுப்பதே நானும் என் ஆய்வு மாணவரும் இப்போது பின்பற்றும் வழி. நீண்ட நூலில் எல்லா நிலைகளும் சம அளவில் வந்துபோவதால், எல்லைப் பரவல் தொடக்க நிலையைச் சார்ந்திராது என்பது வரை சிரமமில்லை. ஆய்வகத்தில் அறுக்கப்படும் 50 சென்டிமீட்டர் துண்டில் ஆறு அலைகளே அடங்குகின்றன. அந்த நீளத்தில் எல்லைத் தேற்றம் தரும் தோராயத்தின் பிழைக்கு ஒரு வரம்பு காண்பதில்தான் இப்போது வேலை நடக்கிறது.