ஆறிய பாறை, ஆறாத நீர்: மும்பையில் ஒருநாள் வழிகாட்டும் வேலை

மாட்டுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ கிளம்பும் தமிழ்க் குழு எதுவானாலும், அந்தேரியில், பழைய எரிமலைக் குழம்பு உறைந்து நிற்கும் ஜில்பர்ட் ஹில் என்ற குன்றின் அடிவாரத்தில் நின்றதும் வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "தம்பி, இது மறுபடி வெடிக்குமா?" மதியம் வஜ்ரேஷ்வரியில் வெந்நீர்க் குண்டத்தில் காலை நனைக்கும்போது அடுத்த கேள்வி வரும்: "அப்போ அந்த எரிமலைதான் இன்னும் கீழே கொதிக்குதா?" இரண்டுக்கும் பதில் "இல்லை". காலையில் பார்த்த பாறையையும் மதியம் பார்க்கும் நீரையும் ஒரே நெருப்பின் கதையாக முடிச்சுப் போட்டுச் சொன்னால் கூட்டம் ரசிக்கும், கைதட்டும். சொல்வது பொய். இந்த வேலையில் மற்றதெல்லாம் நேரக் கணக்கு, செருப்பு, தண்ணீர், கழிப்பறை. கடினமானது இந்த முடிச்சைப் போடாமல் இருப்பதுதான்.

குழு எட்டுப் பேர், மிஞ்சினால் பத்து. பதின்மூன்று இருக்கை டெம்போ டிராவலரில் பத்துப் பேரை ஏற்றினால் பைகளுக்கும் மாற்றுத் துணிகளுக்கும் இடம் கிடைக்கும். அதற்கு மேல் போனால் ஜில்பர்ட் ஹில் படிக்கட்டில் ஏறுபவரும் இறங்குபவரும் முட்டிக்கொள்வார்கள். ஒலிபெருக்கி இல்லாமல் பேசுவது கடைசி ஆளுக்குக் கேட்காது. மேலே காவ்தேவி கோயில் இருப்பதால் ஒலிபெருக்கி வைத்துக் கத்துவதும் முறையல்ல. திங்கட்கிழமை வேண்டாம், அன்று, கன்ஹேரி குகைகள் உள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை குண்டங்களில் நெரிசல். புதன், வியாழன் நல்லது. ஆனால் அலுவலகம் போகிறவர்கள் சனிக்கிழமைதான் கேட்பார்கள், அதற்கேற்ப அரைமணி முன்னதாகக் கிளம்ப வேண்டும்.

காலை ஐந்தரைக்கு வண்டி நகர்ந்தால் ஆறரைக்குள் ஜில்பர்ட் ஹில். அங்கே போகும் சந்துகள் குறுகல். பெரிய சாலையிலேயே நிறுத்தச் சொல்லி நடப்பதே நிம்மதி, ஓட்டுநர் பாவுவுக்கும் பின்னோக்கி எடுக்கும் தலைவலி இல்லை. கறுப்புப் பாறை வெயிலை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஒன்பது மணிக்கு மேல் படியில் வெறுங்கையை ஊன்ற முடியாது, கோயிலுக்காகச் செருப்பைக் கழற்றியவர்கள் குதிப்பார்கள். அதனால்தான் இது முதல் நிறுத்தம்.

மேலே ஏறுவதற்கு முன் கீழே நின்று தூண்களைப் பார்க்க வைக்க வேண்டும். பலர் நேராகப் படியேறி, மேலிருந்து நகரத்தைப் படம் பிடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். மேலே நின்றால் தூண் தெரியாது. சுமார் 61 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவர், பென்சில்களை அடுக்கி நிறுத்தியதுபோல் நெடுகப் பிளந்திருப்பது கீழிருந்து பார்த்தால்தான் புரியும். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக இருந்த குழம்பு உறைந்து, மேலும் ஆறும்போது சுருங்குகிறது. சுருங்க இடமில்லாததால் விரிசல் விடுகிறது. வெடிப்பு, குளிர்ந்த முகத்தில் தொடங்கி, அந்த முகத்துக்குச் செங்குத்தாக உள்ளே இறங்குகிறது. மூன்று வெடிப்புகள் ஓரிடத்தில் ஏறத்தாழச் சம கோணத்தில் சந்திப்பதே பாறைக்குச் சிக்கனம். அதனால் ஐந்து, ஆறு, ஏழு பக்கத் தூண்கள். மெதுவாக ஆறினால் தூண் தடிக்கும், வேகமாக ஆறினால் மெலியும். இதை அங்கேயே நின்று சொல்ல நான்கு நிமிடம் போதும். பக்கங்களை எண்ணச் சொன்னால் குழந்தைகள் பத்து நிமிடம் நிற்பார்கள். எல்லாமே அறுகோணம் என்று முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது, ஐந்து பக்கத் தூணைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து மடக்குவார்கள்.

இந்தப் பாறைக்கு வயது 6.6 கோடி ஆண்டு என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அது தக்காணத்தின் பெரும் எரிமலைப் பெருக்குக்குப் பொருந்தும் கணக்கு. ஜில்பர்ட் ஹில் பாறையை, அதில் சேர்ந்துள்ள ஆர்கான் வாயுவைக் கொண்டு வயது கணிக்கும் முறையில் அளந்து 2001இல் வெளியிட்ட முடிவு சுமார் 6 கோடி ஆண்டுதான். மும்பைப் பக்கத்து எரிமலை வேலை பிந்தியது, பெரும் பெருக்கின் வால். டைனோசர்கள் அழிந்ததையும் இந்தக் குன்றையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லும் வழிகாட்டிகள் அரைக்கோடி ஆண்டைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

தமிழ்க் குழுவுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பாறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர் கருங்கல்தானே, அம்மி கொத்துற கல்லு" என்பார்கள். அதை மறுத்துப் பேசுவதைவிடப் பையில் இரண்டு துண்டுகளை வைத்திருப்பது மேல்: ஊரிலிருந்து கொண்டுவந்த கருங்கல் ஒன்று, சட்டப்படி கடையில் வாங்கிய பசால்ட், அதாவது இந்தக் குன்றின் எரிமலைப் பாறை வகை, ஒன்று. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் பார்த்தால் ஊர்க்கல்லில் வெள்ளையும் சாம்பலும் கறுப்புமாக மணிமணியாகத் தெரியும். பூமிக்கு அடியில் மிக நிதானமாக ஆறியதால் படிகங்கள் வளர நேரம் கிடைத்தது. பசால்ட்டில் மணி தெரியாது, வெளியே வந்து சட்டென்று உறைந்தது. நூலில் கட்டிய சிறு நியோடிமியம் காந்தம் பசால்ட் பக்கம் சாயும், ஊர்க்கல்லை அநேகமாகக் கண்டுகொள்ளாது. பசால்ட்டில் உள்ள மேக்னடைட் என்ற இரும்புத் தாதுதான் காரணம். இதே காரணத்தால் அங்கே கைப்பேசித் திசைகாட்டியை நம்பி "அதோ வடக்கு" என்று காட்டக் கூடாது.

இந்த இடத்தில் யாராவது திருவண்ணாமலையைக் கொண்டுவருவார்கள். "அது பழைய எரிமலைதானே, அதனாலதான் அக்கினித் தலம்?" அக்கினித் தலம் என்பது பக்தியின் கணக்கு, அதில் வழிகாட்டிக்கு வேலையில்லை. பாறையைப் பொறுத்தவரை அந்த மலை ஆழத்தில் ஆறிய வகை, எரிமலைக் கூம்பு அல்ல. இவ்வளவு சொல்லி நிறுத்திக்கொண்டால் மாமாக்கள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரியைப் பற்றியும் கேட்பார்கள்: அது பசால்ட் மேல் விண்கல் மோதி உண்டான பள்ளம், எரிமலை வாய் அல்ல. இந்தியாவில் இன்று உயிரோடிருக்கும் எரிமலையைப் பார்க்க வேண்டுமானால் அந்தமானின் பாரன் தீவுக்குக் கப்பல் ஏற வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அமைதிக்குப் பின் 1991இல் விழித்தது.

அடுத்து போரிவலி, கன்ஹேரி குகைகள். பூங்கா வாசலிலிருந்து குகைவரை ஆறேழு கிலோமீட்டர், அந்தப் போக்குவரத்துக்கும் சீட்டு வரிசைக்கும் சேர்த்து நேரம் ஒதுக்காவிட்டால் நாள் முழுவதும் கெடும். நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் உண்டு, எல்லாவற்றையும் காட்ட ஆசைப்படக் கூடாது. மூன்றாம் எண் சைத்தியமும் (பௌத்த வழிபாட்டுக் கூடம்), பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகளும் போதும். ஜில்பர்ட் ஹில்லின் இறுகிய கருமைக்குப் பிறகு இங்கே பாறை வேறு மாதிரி: பல இடங்களில் எரிமலைச் சாம்பலும் உடைந்த கற்களும் கலந்து இறுகிய பிரெக்சியா. சுவரில் கோணல்மாணலான துண்டுகள் பதிந்திருப்பதைக் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் பார்க்கலாம். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பூங்காவிலிருந்து ஒரு கூழாங்கல்கூட எடுக்கக் கூடாது என்பதை இறங்கும்போது அல்ல, ஏறும்போதே சொல்லிவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள், பத்தரைக்கு, வெளியே.

போரிவலியிலிருந்து வசாய் கழிமுகத்தைத் தாண்டி அகமதாபாத் நெடுஞ்சாலையில் சிர்சாட் பாட்டா என்ற சாலைப் பிரிவு வரை போய் வலப்புறம் திரும்பினால் வஜ்ரேஷ்வரி. இந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் முக்கியமான பாடம் நடக்க வேண்டும். குண்டத்தைப் பார்த்த பிறகு யார் காதிலும் எதுவும் ஏறாது.

முதலில் எரிமலை தொடர்ந்து கொட்டிக்கொண்டே இருக்கவில்லை என்பதை நிறுவ வேண்டும். வொர்லியில் பாறை அடுக்குகளுக்கு இடையே தவளைப் புதைபடிவங்கள் கிடைத்தன. ஆங்கிலேய உயிரியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1847இல் அவற்றை விவரித்தார். இரண்டு குழம்புப் பெருக்குகளுக்கு நடுவே குளம் உண்டாகி, தவளை வாழும் அளவுக்கு அமைதி இருந்திருக்கிறது. தமிழர்கள் தினமும் பேருந்தில் கடக்கும் வொர்லியில் இது என்பதால் வண்டி முழுவதும் நிமிர்ந்து உட்காரும். பிறகு கணக்கு. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் பொதுவாக 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். மேலே 27 டிகிரி என்றால் ஒரு கிலோமீட்டர் ஆழத்திலேயே 50 டிகிரியைத் தாண்டிவிடும். எரிமலை எதுவும் தேவையில்லை. மழைநீர் பிளவுகள் வழியாகக் கீழே போகிறது, சூடேறுகிறது, இன்னொரு பிளவு வழியாக வேகமாக மேலே வந்துவிடுகிறது. மெதுவாக வந்தால் வழியிலேயே ஆறிவிடும். ஊற்று உள்ள இடமெல்லாம் பூமி உடைந்த இடம் என்பதற்கு அதுதான் காரணம். கொங்கணத்தில் பால்கர் பகுதியிலிருந்து ரத்னகிரியின் ராஜாபூர் வரை கடலுக்கும் சஹ்யாத்ரி என்கிற மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே வெந்நீர் ஊற்றுகள் ஏறத்தாழ ஒரே கோட்டில் வருவதை வரைபடத்தில் காட்டலாம். 6 கோடி ஆண்டுக்கு முன் வந்த குழம்பின் சூடு எப்போதோ வெளியேறிவிட்டது. இப்போதுள்ள சூடு பூமியின் உள்ளிருந்து இடைவிடாமல் கசிவது. அதில் ஒரு பங்கு பாறைகளில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைவதால் வருவது.

தான்சா ஆற்றை ஒட்டி அக்லோலி, கணேஷ்புரி, வஜ்ரேஷ்வரி என மூன்று இடங்களிலும் குண்டங்கள் உண்டு, ஒன்றுக்கொன்று மிக அருகில். ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்துக் குண்டங்களுக்கே சூடு வேறுபடும். ஆழத்து நீரோடு மேல்மட்டக் குளிர்நீர் எவ்வளவு கலக்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஆகவே போன மாதம் அளந்த எண்ணை இன்று சொல்லக் கூடாது. அளக்க அகச்சிவப்புத் துப்பாக்கி வேண்டாம்: அது நீரின் மேல்தோலை மட்டும் பார்க்கும், ஆவி குறுக்கே வந்தால் குறைத்துக் காட்டும். குச்சி போன்ற உணர்முனை உள்ள டிஜிட்டல் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி முழங்கை ஆழத்துக்கு இறக்கி, எண் நிலைக்கும்வரை அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். ஊற்று வரும் மூலை ஒன்று, எதிர் மூலை ஒன்று என இரண்டு அளவு.

40 டிகிரிவரை பத்து நிமிடம் உட்காரலாம். 43க்கு மேல் கால் நனைப்பதோடு சரி. 50ஐத் தாண்டினால் விரல்கூட வேண்டாம். 52 டிகிரியில் இரண்டே நிமிடத்தில் தோல் வெந்துவிடும், குழந்தைகளுக்கு அதைவிடச் சீக்கிரம். அதிகம் தவறுவது சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில். பாதத்தில் உணர்ச்சி மரத்தவருக்குச் சூடு தெரியாது, "எனக்கு ஒண்ணும் சுடலையே" என்று பெருமையாக உட்கார்ந்திருப்பார், மாலையில் கொப்புளம். அவர் காலுக்கு முன் வேறொருவர் முழங்கை உள்ளே போக வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழுவார்கள், படியோ பாசி. கர்ப்பிணிகளை இறக்குவதே இல்லை. தலையை முழுக்குவதையும் மூக்கில் நீர் ஏறுவதையும் கட்டாயம் தடுக்க வேண்டும்: வெதுவெதுப்பான நன்னீரில் வளரும் நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் பிழைப்பது மிக அரிது. அபூர்வம்தான். ஆனால் "மூன்று முழுக்குப் போட்டால்தான் புண்ணியம்" என்கிற பாட்டியிடம், சொம்பில் மொண்டு தோளில் ஊற்றிக்கொள்ளுங்கள் அம்மா என்று கேட்டுக்கொண்டால் ஒப்புக்கொள்வார். தலைக்குக் குழாய்த் தண்ணீரைத் தெளித்துக்கொள்ளட்டும்.

வெள்ளிக் கொலுசு, மெட்டியைக் கழற்றச் சொல்ல மறக்கக் கூடாது. நீரில் சிறிதளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலே கறுத்துவிடும். தோல் நோய் தீருமா என்று கேட்டால், வழிகாட்டி மருத்துவர் அல்ல என்பதே பதில். புண் உள்ளவர்கள் பொதுக் குண்டத்தில் இறங்கவே வேண்டாம், பலர் குளிக்கும் நீர் அது.

சாப்பாடு குளியலுக்குப் பிறகு. முன்னால் சாப்பிட்டால் சூட்டில் மயக்கம் வரும். குளித்தவர் ஒவ்வொருவரும் அரை லிட்டர் தண்ணீர் குடித்த பிறகே தட்டு போடச் சொல்வது பழக்கம். பெண்கள் உடை மாற்ற ஒழுங்கான இடம் எல்லாக் குண்டத்திலும் கிடையாது. நான்கு புடவைக் கிளிப்பும் இரண்டு பெரிய போர்வையும் வண்டியில் இருந்தால் மாமிகள் வழிகாட்டியை வாழ்த்துவார்கள். கழிப்பறைக்கு நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கையும் உணவகத்தையும் முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும்.

கோயிலுக்கு இருபது நிமிடம். 1739இல் போர்த்துகீசியரிடமிருந்து வசாயைப் பிடித்த மராட்டியத் தளபதி சிமாஜி அப்பா நேர்ந்துகொண்டு கட்டியது என்ற ஒரு வரியோடு விட்டுவிடலாம், பக்தர்களுக்கு அதற்கு மேல் தாங்களே தெரியும்.

ஜூன் முதல் செப்டம்பர்வரை இந்தப் பயணம் வேண்டாம். தான்சா பெருகினால் ஆற்றோரக் குண்டங்கள் மூழ்கும், ஜில்பர்ட் ஹில் படிகள் வழுக்கும். நவம்பர் முதல் பிப்ரவரிவரை சரியான பருவம். விடியற்காலைக் குளிரில் ஆவி தெரியும், ஆனால் அதற்காக வரிசையை மாற்றிக் குண்டத்தை முதலில் வைப்பது வீண். பாறையைப் பார்க்காமல் நீரைப் பார்த்தவர் எரிமலை என்றே வீடு போய்ச் சொல்வார். திரும்புகிறபோது பிவண்டி வழி தூரம் குறைவு என்று தோன்றும், மாலையில் கன்டெய்னர் லாரிகள் அந்தச் சாலையை நிரப்பிவிடும். மூன்றரைக்குள் வண்டி கிளம்பினால் வந்த வழியே ஏழு மணிக்குள் மாட்டுங்கா சேரலாம், நான்கரை ஆகிவிட்டால் கோட்பந்தர் சாலை நெரிசலையும் சேர்த்து ஒன்பது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.