இருபது வரிக்குக் கீழே ஒரு தப்பான முறுக்கு

அப்பாவுக்காக ஊசியில் நான் பின்னும் ஸ்வெட்டரின் முன்பக்கம் அக்குள் வரை வந்துவிட்டதென்று போன வாரம் வீடு முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஜடை மட்டும் ஏன்டி நடுவுல கோணிக்கிட்டு நிக்குது?" என்று கேட்டார். அதோடு பெருமை போயிற்று.

நடுவில் இரண்டு கேபிள், அதாவது ஜடை மாதிரி முறுக்கிக்கொண்டு ஏறும் டிசைன்; இரண்டும் எதிரெதிரே சாய வேண்டும். இடப்புறம் சாய வேண்டியதில் ஒரே ஒரு முறுக்கு வலப்புறம் சாய்ந்திருந்தது. முறுக்கும்போது பாதிக் கண்ணியைத் தாங்கும் சின்ன ஊசியை முன்னால் விட வேண்டிய இடத்தில் பின்னால் விட்டிருக்கிறேன். அதற்கு மேல் எட்டு வரிக்கு ஒன்றாக இரண்டு சரியான முறுக்கு, பிறகும் மூன்று வரி.

தப்பான வரியையும் சேர்த்தால் 20 வரி. வரிக்கு 112 கண்ணி. எல்லாவற்றையும் பிரித்தால் 2,240 கண்ணி மறுபடி போட வேண்டும். கேபிளின் ஆறு கண்ணியை மட்டும் தப்பு வரை பிரித்துக் கீழே இறக்கினால் 120. கணக்கு சரிதான், ஆனால் கை வரவில்லை. இரண்டு நாள் பையிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு பக்கத்துக் கண்ணிகளையும் ஊக்கில் மாட்டிவிட்டு, ஆறையும் ஊசியிலிருந்து விட்டேன். ஒவ்வொரு இழையாக இழுக்க, இருபது படி ஏணி தொங்கியது. அடியில் கிடைத்த ஆறு கண்ணியை இருமுனை ஊசியில் ஏற்றி, நேர்ப்பக்கத்திலிருந்தே ஒவ்வொரு படியாக நிட் (சாதாரண நேர்க்கண்ணி) போட்டுக்கொண்டு போனால் போதும்.

வம்பே இங்கேதான். இழையின் இரண்டு முனையும் மாட்டியே இருக்கிறது. முதல் கண்ணி ஆசையாக நூலை விழுங்கிவிடும், ஆறாவதற்கு மிச்சமே இருக்காது. ஏழு வரி முடிந்தபோது வலது ஓரம் வாயைப் பிளந்துகொண்டும் இடது ஓரம் கயிறு மாதிரி இறுகியும் இருந்தது. இறக்கினேன். இரண்டாம் தடவை 8-ஆம் நம்பர் ஊசியை வைத்துவிட்டு அதைவிட மெல்லிய 10-ஆம் நம்பரை எடுத்தேன். இழையின் இடது பாதியை விரலால் பிடித்துக்கொண்டு வலது பாதியில் மூன்று கண்ணி, பிறகு விட்டுவிட்டு மீதி மூன்று. வரி முடிந்ததும் ஊசிமுனையால் தளர்ந்த நூலைக் கண்ணி கண்ணியாக நகர்த்தினேன்.

இன்னொன்று: முறுக்கு வரியின் இழை மற்றவற்றைவிட நீளமாக இருக்கும், குறுக்கே போக அதற்குக் கூடுதல் நூல் வேண்டுமே. படி தவறி அந்த இழையை வேறு வரிக்குப் போட்டால் கதை கந்தல். நான் ஒருமுறை போட்டேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. இப்போதும் உற்றுப் பார்த்தால் லேசாகத் தெரிகிறது, ஆனால் கம்பளி நூல்; நனைத்து விரித்துக் காயப்போட்டால் படிந்துவிடும். அக்ரிலிக்காக இருந்தால் இந்த நம்பிக்கை இருந்திருக்காது.

நம்பர் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் கடைகளில் 8 என்றால் 4 மி.மீ., எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க டிசைனில் 8 என்றால் 5 மி.மீ., அங்கே எண் ஏறினால் ஊசி தடிக்கும். இது தெரியாமல் போன வருடம் போட்ட குழந்தைக் குல்லா டம்ளருக்குத்தான் ஆகும். மி.மீ. பார்த்து வாங்குங்கள். என்னுடையது எல்லாம் போனி ஊசி, நீலகிரியில் கேத்தியில் செய்வது. அடுத்த முறை ஊட்டிக்குப் போகும்போது சாக்ஸுக்கு மெல்லிய இருமுனை செட் ஒன்று வாங்க வேண்டும்.

சரி, ஸ்வெட்டருக்கு வருகிறேன். இனிமேல் ஒவ்வொரு பதினாறு வரிக்கும் வழவழப்பான வெள்ளைப் பருத்தி நூலைக் கண்ணிகளுக்குள் ஓட்டிவிடுகிறேன். பிரித்தாலும் அங்கேயே நின்றுவிடும். ஓட்டும்போது, இடம் குறிக்க ஊசியில் மாட்டும் மார்க்கர் வளையத்துக்குள் நூல் போகக் கூடாது, போனால் வளையமும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். கட்டத்தாளில் ஒவ்வொரு முறுக்குக்கும் 'மு' (முன்), 'பி' (பின்) என்று பெரிதாக எழுதியாயிற்று.

கை போட ஒரு உருண்டை குறைகிறது. கடையில் அதே நிறம் இருக்கிறது, சாயம் போட்ட லாட் நம்பர் வேறு. வெயிலில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் பழுப்படிக்கிறது. பழையதும் புதியதுமாக இரண்டிரண்டு வரி மாற்றிப் போடலாமா, கழுத்துப் பார்டருக்கு மட்டும் புதியதா என்று இன்னும் முடிவாகவில்லை. அக்குளுக்குக் கண்ணி குறைப்பதையே இன்னும் ஆரம்பிக்கவில்லை.