புற்றுநோய் சிகிச்சைக்கு ஊர் கூடி நிதி திரட்டும்போது

தெரிந்தவர் ஒருவருக்குப் புற்றுநோய் என்று செய்தி வந்ததும் நண்பர்கள் கூடிவிடுகிறார்கள். மண்டபம் யார் தருவார்கள், பாட யாரைக் கூப்பிடலாம், பேனரில் எந்தப் படம் போடலாம் என்று பேச்சு வேகமாக ஓடும். அந்த வேகம் நல்ல மனசிலிருந்து வருவது. அது வீணாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. நிகழ்ச்சி ஒரு மாலையில் முடிந்துவிடும். சிகிச்சை ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்குப் பல வருடம் ஓடும். வசூலான பணம் அத்தனை காலமும், பில் வருகிற நாளில், சரியான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் மேடை போடுவதற்கு முன் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

அதற்கும் முன்னால் நோயாளியிடம் கேட்க வேண்டும். குடும்பத்தாரிடம் கேட்டால் போதாது, அவரிடமே, அவர் தனியாக இருக்கும்போது. பத்துப் பேர் சூழ நின்று கேட்டால் யாரும் "வேண்டாம்" என்று சொல்ல மாட்டார்கள். நோயின் பெயரை வெளியே சொல்லலாமா, படம் போடலாமா, போட்டால் எந்தப் படம், அலுவலகத்துக்குத் தெரிந்தால் பரவாயில்லையா, குழந்தைகளிடம் விஷயத்தைச் சொல்லியாயிற்றா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அம்மாவுக்கு என்ன நோய் என்று பள்ளித் தோழன் காட்டும் செல்போனிலிருந்து ஒரு பிள்ளைக்குத் தெரியவரக் கூடாது. ஒப்புக்கொண்டதை இரண்டு வரியில் எழுதி வாங்கி வையுங்கள். பெயர் வெளியே வர வேண்டாம் என்று அவர் சொன்னால், விளம்பரமே இல்லாமல் தெரிந்த ஐம்பது குடும்பங்களிடம் மட்டும் கேளுங்கள். அப்படியும் கணிசமாகச் சேரும்.

அடுத்தது, எவ்வளவு வேண்டும் என்பது. மருத்துவமனை தரும் எஸ்டிமேட்டை மட்டும் இலக்காக வைத்துக்கொண்டால் பாதி வழியில் பணம் தீர்ந்துவிடும். அந்தத் தாளில் பெரும்பாலும் அறுவை சிகிச்சையும் மருந்தும் படுக்கையும்தான் இருக்கும். இடையிடையே எடுக்கும் ஸ்கேன், வாராவாரம் ரத்தப் பரிசோதனை, நரம்பு கிடைக்காதவர்களுக்கு மார்பில் வைக்கும் போர்ட் (மருந்து ஏற்றும் சிறு கருவி), வெள்ளை அணுக்களை ஏற்றும் ஊசி, வாந்திக்கான மாத்திரை, போக்குவரத்து, வெளியூரில் தங்கும் வாடகை, கூட இருப்பவர் இழக்கும் சம்பளம் ஆகியவை அதில் வராது. கீமோ பெரும்பாலும் 14, 21 அல்லது 28 நாள் சுற்றுகளாக வரும். ரேடியேஷன் வழக்கமாக வாரத்துக்கு ஐந்து நாள், சில வாரங்கள் தொடரும். ஒவ்வொரு அமர்வும் சில நிமிடம்தான், ஆனால் தினமும் போய்வர வேண்டும். தூரத்திலிருந்து வருகிறவருக்குத் தங்குவதும் பயணமுமே பெரிய செலவு. சில வகை மார்பகப் புற்றுநோய்க்கு எல்லாம் முடிந்த பிறகும் 5 முதல் 10 வருடம் ஹார்மோன் மாத்திரை உண்டு.

ஒரு தாளில் மாதவாரியாக நான்கு பத்தி போடுங்கள்: என்ன செலவு, எப்போது, காப்பீடோ அரசோ வேலை தருபவரோ எவ்வளவு தருகிறார்கள், மிச்சம் எவ்வளவு. நான்காவது பத்தியின் கூட்டுத்தொகைதான் இலக்கு. அதற்கு மேல் கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. பல கீமோ மருந்துகளில், ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்துவிடும். அந்த நாட்களில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். எந்த எஸ்டிமேட்டிலும் இல்லாத பில் அங்கேதான் வரும். பெரிய மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். எந்த உதவித் திட்டத்துக்கு எந்தத் தாள் வேண்டும் என்பது அவருக்குத்தான் அத்துப்படி. முதல் வாரமே அவரைப் பாருங்கள்.

பணம் எந்தக் கணக்கில் விழ வேண்டும்? நோயாளியின் சொந்தக் கணக்கில் வேண்டாம். வீட்டுச் செலவோடு கலந்துவிட்டால் பிறகு யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. வருமானத்தைப் பார்த்துத் தரப்படும் அரசு உதவிகள் பல இடங்களில் உண்டு. கணக்கில் திடீரென்று பெருந்தொகை வந்தால் அந்த உதவி நின்றுபோகலாம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாமினி பெயரும் கொடுக்காமல் அவர் ஒருவர் பெயரில் மட்டும் கணக்கு இருந்து, அவர் இறந்துவிட்டால், வாரிசுச் சான்றுகள் முடியும் வரை வங்கி பணத்தைத் தராமல் இருக்கலாம். இறுதிச் செலவுக்குக்கூட எடுக்க முடியாமல் குடும்பம் நிற்க நேரிடும். குடும்பத்துக்கு வெளியே இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற தனிக் கணக்கு நல்லது. பொருளாளராக நெருங்கிய சொந்தக்காரரைப் போடாதீர்கள். அவர் நேர்மையானவராக இருந்தாலும் சந்தேகம் பிறக்கும்போது குடும்பத்தையும் சேர்த்துத்தான் பேசுவார்கள்.

பில்களை மருத்துவமனைக்கே நேராக, நோயாளியின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டுச் செலுத்துங்கள். ஆனால் திரட்டியதை மொத்தமாக அட்வான்ஸாகக் கட்டிவிடாதீர்கள். இரண்டாவது கருத்துக் கேட்டு வேறு மருத்துவமனைக்கு மாற நேர்ந்தால், கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும். வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரு நிலையான தொகையைத் தனியாகக் கொடுங்கள். அதற்கு ரசீது கேட்காதீர்கள். வார்டு வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் பேருந்துச் சீட்டுக்குக் கணக்குக் கேட்பது தேவையில்லாத வேதனை.

மீதமானால் என்ன, சிகிச்சை நடக்கும்போதே அவர் இறந்துவிட்டால் என்ன என்பதை முதல் அறிவிப்பிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள். "சிகிச்சைக்குப் போக மீதமிருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு" என்பதுபோல ஒன்று போதும். முன்கூட்டியே எழுதுவது அபசகுனம் என்று சிலர் தயங்குவார்கள். எழுதாமல் விட்டால், துக்கம் நடக்கும் வீட்டில் பணத்தைப் பற்றிப் பேச வேண்டியதாகிவிடும்.

நிகழ்ச்சித் தேதிக்கு முன் ஏற்பாடுகளுக்கு எட்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி மூன்று வாரக் கீமோ சுற்றில் இருப்பவர் என்றால், அடுத்த மருந்துக்கு இரண்டு மூன்று நாள் முந்தைய மாலை அவருக்குத் தெம்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் அவர் வருவார் என்று விளம்பரத்தில் போடாதீர்கள். வந்தால், கதவோரம் ஒரு நாற்காலி, அருகில் ஒரு கழிப்பறை, இருபது நிமிடம். கட்டிப்பிடிக்கவோ வரிசையில் நின்று கை குலுக்கவோ வேண்டாம் என்று முன்பே அறிவித்துவிடுங்கள். சளி, காய்ச்சல் இருப்பவர்கள் அன்று வராமல் இருப்பதே உதவி. அவரைத் திரும்ப வீட்டில் விடுவதற்கென்றே, வேறு வேலை எதுவும் கொடுக்காமல், ஒருவரை ஒதுக்குங்கள்.

செலவுக் கணக்கில் பலரும் கோட்டை விடுகிறார்கள். டிக்கெட் ஒன்று 10 என்று வையுங்கள். 200 விற்றால் 2000. சாப்பாட்டுக்குத் தலைக்கு 4 என்றால் 800 போயிற்று. மண்டபமும் ஒலிபெருக்கியும் 600, அச்சு 100. மிச்சம் 500. டிக்கெட் வாங்கியவர் கொடுத்த பணத்தில் முக்கால் பங்கு சிகிச்சைக்குப் போகவே இல்லை. மண்டபமும் ஒலிபெருக்கியும் யாராவது இலவசமாகத் தந்தால் அதே நிகழ்ச்சியில் 1100 நிற்கும். ஆகவே டிக்கெட் அச்சிடுமுன் செலவுகளை ஏற்கும் ஆட்களைப் பிடியுங்கள். நான்கு வாரத்துக்கு முன்புவரை அவர்கள் கிடைக்கவில்லையென்றால் நிகழ்ச்சியைச் சிறிதாக்குங்கள். கடன் வாங்கிப் பெரிதாக நடத்த வேண்டாம்.

டிக்கெட்டுகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, எண் போட்டு, யார் எந்த எண் வாங்கினார் என்று ஒரு நோட்டில் கையெழுத்தோடு எழுதுங்கள். விற்காதவற்றையும் அடிக்கட்டைகளையும் மூன்று நாள் முன்பே திரும்ப வாங்குங்கள். பணம் காணாமல் போவதற்குத் திருட்டு காரணமாக இருப்பது அபூர்வம். யாரோ ஒருவர் மேசை இழுப்பறையில் மறந்து வைத்த கட்டுதான் கணக்கைக் குலைக்கிறது. குலுக்கல் பரிசு வைக்க நினைத்தால் உள்ளூர்ச் சட்டத்தை முதலில் விசாரியுங்கள். பல நாடுகளில் அது சூதாட்டக் கணக்கில் வரும், அனுமதி வேண்டும். நன்கொடைக்கு வரிச் சலுகை உண்டு என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். பெரும்பாலான நாடுகளில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்குத் தருவதற்கே அது பொருந்தும், தனிமனிதருக்குத் தருவதற்கு அல்ல.

குலுக்கலைவிட எனக்கு எழுத்து ஏலம்தான் பிடிக்கும், அதாவது நன்கொடையாக வந்த பொருட்களுக்குக் கூவாமல் தாளில் விலை எழுதிக் கேட்பது. ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஒரு தாள்: பொருளின் பெயர், கொடுத்தவர் பெயர், சந்தை மதிப்பு, அதில் 40 முதல் 50 சதவீதம் ஆரம்ப விலை, அடுத்தடுத்து 10 சதவீதம் ஏற்றம். கேட்பவர்கள் பெயருக்குப் பதில் தங்களுக்குத் தரப்பட்ட ஏல எண்ணை எழுதட்டும், கூச்சம் குறையும். 150 பேர் வரும் இடத்தில் 25, 30 பொருள் தாராளம். அதற்கு மேல் போனால் பாதி ஆரம்ப விலையிலேயே நின்றுவிடும். எல்லா மேசையையும் ஒரே நேரத்தில் மூடாமல் கால் மணி நேர இடைவெளியில் மூன்று பிரிவாக மூடுங்கள். ஒன்றில் தோற்றவர் அடுத்ததற்கு வருவார். கடைசி மேசை, ஜனங்கள் கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே மூடியாக வேண்டும்.

பண மேசை வாசலருகே வேண்டாம், சுவரை ஒட்டி உள்ளே இருக்கட்டும். எப்போதும் இருவர். ஒருவர் பணம் வாங்குவார், மற்றவர் எண் போட்ட ரசீது எழுதுவார். ஆரம்பத்தில் வைத்த சில்லறை எவ்வளவு என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். கடைசியில் அதை வசூலோடு சேர்த்து எண்ணிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. மணிக்கு ஒரு முறை பெட்டியிலிருந்து எடுத்து, நோட்டுவாரியாக இருவரும் தனித்தனியே எண்ணி, தொகை ஒத்துப்போனதும் உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேலேயே நேரமும் தொகையும் இரண்டு கையெழுத்தும் போட வேண்டும். தொகை ஒத்துப்போகவில்லையென்றால் முதலில் ரசீது எண்களைப் பாருங்கள். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒரு எண் தாண்டியிருக்கும்.

கியூஆர் கோடு வைத்தால், ஸ்கேன் செய்யும்போது எந்தப் பெயர் வரும் என்பதைக் கோட்டுக்குக் கீழேயே பெரிதாக அச்சிடுங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றுவது உண்டு. அவ்வப்போது ஒருவர் சிறு தொகை அனுப்பிப் பார்க்கட்டும். இணையத் தளம் வழியாகத் திரட்டினால், அவர்கள் பிடிக்கும் கட்டணம், பணம் பரிமாறும் கட்டணம், சரிபார்ப்புக்கு ஆகும் நாட்கள் மூன்றையும் முன்பே கேளுங்கள். நாளைக்கே ஊசி போட வேண்டும், பணம் தளத்தில் நிற்கிறது என்ற நிலை வரக் கூடாது.

வாட்ஸப் செய்தியில் கடைசித் தேதி கட்டாயம் இருக்க வேண்டும். தேதி இல்லாத வேண்டுகோள் வருடக்கணக்கில் சுற்றும். அவர் குணமாகி வேலைக்குப் போன பிறகும், அல்லது இறந்த பிறகும், முன்பின் தெரியாதவர்கள் குடும்பத்துக்குப் போன் செய்து விசாரிப்பார்கள். மருத்துவ அறிக்கையின் படம், வீட்டு முகவரி, அடையாள எண் எதையும் போடாதீர்கள். அதே படத்தை எடுத்துக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்பும் கூட்டம் இருக்கிறது. சந்தேகம் கேட்கப் பொருளாளரின் எண் ஒன்று போதும்.

கூட்டம் சேரும் இடத்தில் மூலிகை, பொடி, அதிசயச் சாறு விற்பவர்களும் நோட்டீஸோடு வருவார்கள். மேசை போட அனுமதிக்காதீர்கள். சிகிச்சையில் இருப்பவரின் கையில் அந்தத் தாள் போய்ச் சேர்ந்தால், கீமோவை நிறுத்திவிடலாமா என்ற யோசனை அங்கே தொடங்கும்.

ரத்ததானத்தையும் சேர்த்து நடத்தலாம் என்று யாராவது சொல்வார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் முறை வேறு. சிவப்பணுக்களைக் குளிரில் 35 முதல் 42 நாள் வரை வைக்கலாம். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகள் 20 முதல் 24 டிகிரியில், அசைத்துக்கொண்டே வைத்தாலும் 5 முதல் 7 நாள்தான். ரத்தப் புற்றுநோய்க்காரருக்கு மாதக்கணக்கில் பிளேட்லெட் தேவைப்படலாம். ஒரே நாளில் நூறு பேர் கொடுப்பதைவிட, கூப்பிட்டால் வரக்கூடிய முப்பது பேரின் பெயர், ரத்த வகை, வரத் தோதான நாள் கொண்ட பட்டியல்தான் உதவும். இயந்திரத்தில் பிளேட்லெட் கொடுக்க ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும் என்பதைப் பெயர் எழுதும்போதே சொல்லிவிடுங்கள். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை (ரத்தத்தை உருவாக்கும் செல்களை இன்னொருவரிடமிருந்து எடுத்து ஏற்றுவது) யோசனையில் இருந்தால், அண்ணன் தம்பி, அக்கா தங்கை ரத்தம் கொடுக்க முந்த வேண்டாம். பின்னால் அவர்களுடைய செல்லையே நோயாளியின் உடல் எதிர்க்கும் அபாயம் உண்டு, மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்த இரண்டு நாளுக்குள் தொகையை அறிவியுங்கள். கையில் வந்ததை மட்டும். மேடையில் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்ன தொகைகளைத் தனிப் பட்டியலில் வைத்து, ஒருவர் பத்து நாளுக்குள் மரியாதையாக நினைவூட்டட்டும். சில வராது, அதை விட்டுவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் வரவும் செலவும் ஒரே பக்கத்தில் வெளியாக வேண்டும். பிறகு மாதம் ஒரு வரி: கட்டியது இவ்வளவு, இருப்பு இவ்வளவு. அதில் நோயின் நிலை பற்றி எதுவும் எழுத வேண்டாம். பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு, ஸ்கேன் முடிவைக் கேட்க இல்லை. வசூல் மூடியதும் எல்லாக் குழுக்களுக்கும் "முடிந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்" என்று ஒரு செய்தி போட்டு, ஒட்டிய கியூஆர் தாள்களைக் கிழித்துவிட்டு, கணக்கு மூடும்வரை ரசீது அடிக்கட்டைகளையும் உறைகளையும் பொருளாளரே வைத்திருக்கட்டும்.