ஹெய்ட் தெருவில் ஒரு வாரம்

செப்டம்பர் 29

சான் பிரான்சிஸ்கோவில் புதிதாக வாடகைக்குப் பிடித்த வீட்டிலிருந்து ஹெய்ட்-ஆஷ்பரி முனை நடக்கிற தூரம்தான். 1960களில் ஹிப்பி இளைஞர்கள் கூடி வாழ்ந்த பகுதி இது. தெரு முழுக்கச் சாயச் சட்டை, ஊதுபத்தி, போஸ்டர் கடைகள். ஊரிலிருந்து மாமா போனில் கேட்டார்: "கஞ்சா அடிச்சுட்டுத் திரிஞ்சவங்க ஏரியாவாடா அது?" திரிந்தார்கள்தான் மாமா. ஆனால் அவர்கள் சமைத்துப் போட்டதையும் வைத்தியம் பார்த்ததையும் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

அக்டோபர் 1

சாயங்காலம் பேன்ஹேண்டில் பக்கம் போனேன். கோல்டன் கேட் பூங்காவிலிருந்து கிழக்கே நீளும் ஒடுக்கமான புல்வெளி, இருபக்கமும் யூகலிப்டஸ். 1966இன் இலையுதிர் காலத்தில் 'டிக்கர்ஸ்' குழுவினர் இங்கேதான் தினமும் மாலை 4 மணிக்கு இலவசமாகச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். எம்மெட் க்ரோகன், பீட்டர் பெர்க், பீட்டர் கொயோட்டி என்று பலரும் நாடகக்காரர்கள். மார்க்கெட்டில் மிஞ்சிய காய்கறியைக் கேட்டு வாங்கிவந்து பெரிய பால் கேன்களில் குழம்பு கொண்டுவருவார்கள். ஒரு பெரிய மஞ்சள் மரச்சட்டத்துக்குள் நுழைந்து வந்துதான் சாப்பாடு வாங்க வேண்டும். அந்தப் பக்கம் போனால் உலகத்தை வேறு மாதிரி பார்ப்பாய் என்பது கணக்கு.

நம் கோயில் டியூப்லைட்டில்கூட 'உபயம்' என்று பெயர் எழுதியிருக்கும். இவர்கள் தங்கள் துண்டறிக்கைகளில் பெயரே போடவில்லை. இலவசக் கடையும் நடத்தினார்கள். எதற்கும் விலை கிடையாது. "இங்கே யார் பொறுப்பு?" என்று கேட்டால், "நீங்கள்தான்" என்று பதில் வரும். எனக்கு இது ஹிப்பிகள் எடுத்த எல்.எஸ்.டி. என்ற போதைமருந்தைவிடப் பெரிய துணிச்சலாகத் தெரிகிறது.

அக்டோபர் 2

வாலர் தெருவில் ஆல் செயின்ட்ஸ் தேவாலயம். டிக்கர்ஸ் இங்கே கோதுமை ரொட்டி சுட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். அச்சுக்குப் பதில் காலி காபி டப்பா.

அக்டோபர் 4

இன்று கிளேட்டன் தெரு 558. 1967 கோடையில் இந்தச் சின்னப் பகுதிக்கு வந்து குவிந்த இளைஞர்கள் ஒரு லட்சம்வரை இருக்கும் என்கிறார்கள். நோய், பட்டினி, கெட்ட போதைமருந்து எல்லாமும் கூடவே வந்தன. அந்த ஜூன் 7ஆம் தேதி டேவிட் ஸ்மித் என்ற இளம் மருத்துவர் இங்கே இலவச கிளினிக் திறந்தார். மருத்துவம் சலுகை அல்ல, உரிமை என்பது அவர்களுடைய கொள்கை. வந்தவரிடம் நீதி போதனை கிடையாது. எல்.எஸ்.டி. போட்டு மிரண்டுபோனவரை ஒரு அமைதியான அறையில் உட்காரவைத்து, பக்கத்தில் இருந்து பேசிப் பேசியே தெளியவைத்தார்கள். பயந்த மனிதரோடு இப்படி உட்கார எவ்வளவு பொறுமை வேண்டும்! மாமாவுக்கு இதை அவசியம் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 6

1966இல் இதே தேதியில்தான் கலிபோர்னியாவில் எல்.எஸ்.டி. சட்டவிரோதமானது. சரியாக ஒரு வருடம் கழித்து, டிக்கர்ஸும் இந்தப் பகுதி ஹிப்பிகளும் 'ஹிப்பி செத்துவிட்டான்' என்று சவப்பெட்டி தூக்கி இந்தத் தெருவில் ஊர்வலம் விட்டார்கள். இங்கே வராதீர்கள், இந்த மாற்றத்தை உங்கள் ஊரிலேயே செய்யுங்கள் என்பதுதான் வெளியூர் இளைஞர்களுக்குச் சொன்ன செய்தி.

அப்புறம் ஹெராயினும் 'ஸ்பீடு' என்ற ஊக்கப் போதைமருந்தும் தெருவைப் பிடித்தன. கூட்டம் கலைந்தபோதும் கிளினிக் கலையவில்லை. போதைக்கு அடிமையாவது ஒரு நோய், குற்றமல்ல என்று சொல்லி சிகிச்சை கொடுத்தது. 1973இலிருந்து ராக் கச்சேரி மைதானங்களில் கூடாரம் போட்டு வைத்தியம் பார்த்தது. அமெரிக்காவின் மற்ற நகரங்களிலும் இலவச கிளினிக்குகள் முளைத்தன. ஊர்வலத்தில் சொன்னபடி, அவரவர் ஊரிலேயே.