பிக்கப் வண்டியில பிக்கப் இல்ல!

ஆடி மாசக் காற்று. களக்காட்டில் ஏத்தன் வாழைத்தார் ஏற்றின பிக்கப், வள்ளியூர் வரைக்கும் சாதுவாகத்தான் போகும். பணகுடி தாண்டி, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முகத்தில் அடித்ததும் திக்க ஆரம்பித்துவிடும். சுற்றிலும் காற்றாலை எல்லாம் குஷியாகச் சுற்ற, இது மட்டும் நாலாம் கியரில் லொக்கு லொக்கென்று இருமும். டேஷ்போர்டில் செக் இன்ஜின் லைட் கண்ணடிக்கும். நாகர்கோவிலில் தாரை இறக்கிவிட்டுத் திரும்பினால், காற்று முதுகுக்குப் பின்னால், வண்டிக்கு ஒரு நோயும் கிடையாது.

"டிரைவர் ஒழுங்கா ஓட்டல" என்றார் ஓனர் அண்ணாச்சி. "வண்டி ஒழுங்கா ஓடல அண்ணாச்சி" என்றார் டிரைவர், வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

டீக்கடையில் வைத்தியருக்குப் பஞ்சமா? "பெட்ரோல்ல தண்ணி வே" என்றார் ஒருத்தர், டேங்க் காலியானது. "கண்ணேறு" என்றார் இன்னொருத்தர். முன்பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கியது. நடுவில் மூணு செட் பிளக் (பொறி தட்டிப் பெட்ரோலைப் பற்றவைப்பது), நாலு சிலிண்டருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு பிளக், போட்டாகிவிட்டது. ஒரு செட் மாற்றியதைக் குறை சொல்ல முடியாது. எதிர்காற்றோ சரக்கோ, இன்ஜினுக்கு லோடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். அதனால் லோடில் மட்டும் மிஸ் அடித்தால், அதாவது பெட்ரோல் எரியாமல் போனால், பிளக்கையும் அதற்கு வோல்டேஜ் கொடுக்கிற காயிலையும் முதலில் சந்தேகப்படுவது நியாயம்தான். அடுத்த இரண்டு செட்டுக்குத்தான் மன்னிப்பு கிடையாது.

கடைசியில் வள்ளியூரில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். மெக்கானிக் தம்பி ஸ்பானரையே தொடவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகினான். வந்த கோளாறுக் குறியீடு பி 0303. கடைசி எண்தான் சிலிண்டர்; மூணாம் நம்பர் எரியாமல் போகிறது. அதுவே பி 0300 என்று வந்திருந்தால் மிஸ் அங்கங்கே சிதறி வருகிறது என்று அர்த்தம். அப்போது பெட்ரோல் பிரஷர், ஏர் லீக் என்று பொதுவான விஷயங்களைப் பார்க்கணும்.

"லைட்டு கண்ணடிக்கும்போது மிதிக்காதீங்க அண்ணாச்சி. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போயி, புகையைச் சுத்தம் பண்ணுற கேட்டலிடிக் கன்வெர்ட்டர்ல எரியும். அது போச்சுன்னா பிளக் செலவெல்லாம் சில்லறைக் காசு."

பிறகு மூணாம் நம்பர் காயிலைக் கழற்றி ஒண்ணில் போட்டான். ஒண்ணாம் காயில் மூணுக்கு வந்தது. பிளக்கை மூணுக்கும் நாலுக்கும் மாற்றினான். ஸ்கேனரில் பழைய குறியீட்டை அழித்தான். சும்மா ஓட்டிப் பார்த்தால் பயனில்லை, லோடு வேண்டும். பக்கத்துக் கடையிலிருந்து பத்து மூட்டை சிமெண்ட், ஐந்நூறு கிலோ, 'திருப்பித் தரணும்' என்ற நிபந்தனையோடு ஏறியது. நாலாம் கியரில் மெதுவாகப் போகவிட்டு ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தார்கள். மறுபடியும் 0303. கோளாறு காயிலோடு நகர்ந்திருந்தால் 0301 வந்திருக்கும், பிளக்கோடு என்றால் 0304. இரண்டும் இல்லை. காயிலும் பிளக்கும் நிரபராதி.

மூணாம் பிளக்கைக் கழற்றினால் நுனி ஈரம், பெட்ரோல் வாசனை. மற்ற மூணும் வெளிர் பழுப்பு. பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. ஆக பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் மேல் சந்தேகம் குறைந்தது. அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் காற்றை அமுக்குகிற அழுத்தம். நாலு பிளக்கையும் எடுத்து, பெட்ரோல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, காயில் கனெக்டரை எல்லாம் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்து சுற்று செல்ஃப். 175, 180, 175, 180 பி.எஸ்.ஐ. நாலும் ஒட்டித்தான் இருக்கின்றன, அங்கேயும் குறையில்லை.

மிச்சம் ஒயரிங். "அதெல்லாம் பாத்தாச்சுலே, ஏற்கெனவே ஒரு எலக்ட்ரீஷியன் மீட்டர் வச்சு 12.4 வோல்ட் இருக்குன்னு சொல்லிட்டான்லா" என்றார் அண்ணாச்சி. தம்பியும் மீட்டரை வைத்தான். அதே 12.4. பிறகு இரண்டு ஒயர் ஒட்டிய இண்டிகேட்டர் பல்பை எடுத்தான், 21 வாட். சாவியை ஆன் பண்ணி, ஒவ்வொரு காயில் கனெக்டரிலும் கரண்ட் வருகிற சப்ளை பின்னுக்கும் இன்ஜின் எர்த்துக்கும் நடுவில் வைத்தான். (சிக்னல் பின்னில் பல்பை வைக்கக்கூடாது, இன்ஜின் கம்ப்யூட்டர் போய்விடும். தடித்த ஊசியையும் குத்தக்கூடாது, பின் அகன்று அதுவே புதுக் கோளாறாகும்.) ஒண்ணு, ரெண்டு, நாலில் பளீர். மூணில் கார்த்திகை அகல் மாதிரி சிவப்பாக முனகியது.

"மீட்டர் 12.4 சொல்லுதே?"

"தோட்டத்துக் குழாய் நுனியை விரலால பொத்துனா அழுத்தம் முழுசாத் தெரியும்லா? விரலை எடுத்தா சொட்டுதான் வருது. நடுவுல எங்கயோ மடங்கிக் கிடக்கு அண்ணாச்சி."

மீட்டர் கரண்டை இழுக்காது, பல்பு இழுக்கும். காயில் அதைவிட அதிகமாக இழுக்கும். ரெண்டு இழை மிஞ்சியிருந்தாலும் ஐடிலில் சமாளித்துவிடும். லோடில் பொறிக்கும் பலம் வேண்டும், முறுக்கில் இன்ஜினும் ஒரு பக்கம் சாய்ந்து ஒயரை இழுக்கும். அப்புறம் இருமாமல் என்ன செய்யும்?

பல்பு எரிய எரிய, ஒயரைக் கையாலேயே நீவிக்கொண்டு போனான். சீட்டுக்கு அடியில் ஒரு கிளிப் பக்கத்தில் லேசாக இழுத்ததும் பல்பு அணைந்தது. அங்கே ஒரு எலிக் கூடு. வாழை நார், சீட் ஸ்பாஞ்சு, திருநீற்றுப் பொட்டலம், மூணாவது செட் பிளக் வாங்கின பில்லில் பாதி. ஒயரின் தோல் கடிபட்டு, உள்ளே பச்சை பூத்த ரெண்டு இழை.

கடிபட்டதை வெட்டி, அதே தடிமனில் ஒரு சாண் ஒயர், ஈயம் வைத்து ஒட்டி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் சூடேற்றி மூடினான். முறுக்கி டேப் சுற்றுவது ஆகாது. சூட்டில் பசை கழன்றுவிடும். இழுபடாமல் ஒரு விரல்கடை தொய்வும் விட்டான். பல்பு பளீர். சிமெண்ட் மூட்டையோடு காவல்கிணறு வரை போய்த் திரும்பியதில் லைட் ஒரு தரம்கூடச் சிமிட்டவில்லை.

"நான் அன்னைக்கே எலின்னு சொன்னேம்லா" என்றார் பெட்ரோலில் தண்ணி என்று சொன்னவர்.

எலி மறுபடி வராமலிருக்க, சூடான பைப் பக்கம் போகாதபடி ஒரு போயிலைப் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டார்கள். நாலே நாளில் அது பாதியாகிவிட்டது. எலி போயிலை தின்னாது என்று அண்ணாச்சிக்கும் தெரியும். டிரைவரைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. திறக்கிற நிலைமையில் இல்லை.